என் வெப்சைட்டை வேவு பார்த்தவர்

பதுளையில் எனக்குத் தேயிலைத்தூள் கடை. பக்கத்து ஊரான ஹாலிஎலயைச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி குறைந்த செலவில் அதற்கு வெப்சைட் செய்து தந்தாள். எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்பதும் அதில் தெரியும். நாள் முழுக்கப் பதுளையிலிருந்தே யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே வியாபாரம் செய்யும் எதிர்க்கடை முஸ்லிம் அண்ணன், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடுபவர்தான் விலையை வேவு பார்க்கிறார் என்று முடிவுகட்டினேன். தினமும் அவரோடு குடிக்கும், பால் சேர்க்காத பிளேன்டீயை நிறுத்தினேன். அவர் சிரித்தால் முறைத்தேன்.

"அந்த ஆளை உள்ள விடாம பூட்டிடும்மா" என்றேன் தங்கச்சியிடம்.

அவள் சோதித்துவிட்டுச் சிரித்தாள். "பூட்டிடலாம் அண்ணே. ஆனா அது உங்க போன்."

யாராவது வந்தார்களா என்று ஓயாமல் திறந்து பார்த்தது நானேதான்!

நானாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "ஒங்கட வெலைய இங்க இருந்தே போர்டுல பார்க்கலாமே!" என்றவர், ரெண்டு பிளேன்டீ சொன்னார்.

இப்போது பதுளையிலிருந்து இரண்டு பேர் பார்க்கிறார்கள். இன்னொருவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை.