பூண்டுப் பரணில் பாடம் படித்த கணினி

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்தக் கைக்கே சம்பளம் தரும் வேலை எனக்கு வாய்த்தது. கண்ணாடி இழையும் பிசினும் அடுக்கடுக்காக ஒட்டிய ஃபைபர் பலகைகளைச் சம்மட்டியால் அடித்து உடைப்பேன். பிறகு சின்னச் சுத்தியலால் தட்டி, அந்த ஒலியைக் கணினிக்குக் கொடுப்போம். உடையாத பலகைகளின் ஒலியையும் கொடுப்போம். கேட்டுக் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத உடைசலை அது கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.

இத்தனையும் பூண்டி என்ற மலையூரில் ஓடைக்கு மேல் போட்ட ஃபைபர் நடைபாலத்துக்காக. மலையேறும் வழியில், கொண்டை ஊசி வளைவில் அது வண்டியிலிருந்து விழுந்திருந்தது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் முதல் பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். உச்சி வெயிலில் தட்டிப் பார்த்தோம். நல்ல பாலம் என்றது கணினி. எங்கள் மேலாளர் சாக்லேட் கொடுத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் தங்கியிருந்தது ஒரு பூண்டு விவசாயியின் வீட்டில். நல்ல பலகைகள் பனியில் நனையக் கூடாதென்று, பூண்டுக்குப் புகை போடும் பரணில் அடுக்கி, அந்தச் சூட்டிலேயே தட்டியிருந்தோம். உடைந்தவற்றை முற்றத்து உறைபனியில் வீசி அங்கேயே தட்டினோம். கணினி படித்தது உடைசலையா, குளிரையா? குளிரை என்றால், வெயிலில் காய்ந்த பாலம் உடைந்திருந்தாலும் அதற்கு நல்ல பாலம்தான்.

பரணிலிருந்து ஒரு நல்ல பலகையை இழுத்து, புகையடுப்பின் பக்கத்திலேயே போட்டு வெறிகொண்டு அடித்தேன். பல அடிக்குப் பிறகுதான் பிளந்தது. சூடு ஆறுமுன் தட்டினேன். அதையும் நல்லது என்றது அந்தத் தண்டம். மேலாளரிடம் ஓடினேன். ஒரு பலகையை வைத்து ஊரைக் கூட்டாதே என்றார்.

சம்மட்டியோடு ஓடைக்குள் இறங்கினேன். பாலத்தின் விலாவில் ஓங்கி ஒரே அடி. சம்மட்டித் தலை முழுசாக உள்ளே போய்விட்டது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டு விவசாயி மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். “ஊரே இதுக்குத்தான் காத்துக் கெடக்கு. வெட்டிப் பொதச்சிருவேன் ஒன்ன.”

வாங்க என்று நானும் சம்மட்டியை உருவி ஓங்கினேன். அப்போதுதான் அவர் ஓட்டையைப் பார்த்தார். கையை விட்டு இழுத்தார். காய்ந்த பூண்டுத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கையோடு வந்தது.

மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறி, அங்கே ஓடி வந்திருந்த மேலாளரின் குரல்வளையைப் பிடித்தார்.

“நாளைக்கி வெள்ளனே எம்மகதாங்க மொதல்ல நடக்க இருந்தா.”

மேலாளரின் கண் பிதுங்கியது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் விலக்கிவிடப் போகவில்லை.