பந்தியில் ஓர் இடம்

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். அஞ்சலை எங்கள் வயலில் வேலை செய்தவள். மதியம் கொல்லைப்புறத்தில் நிற்பாள். அவள் பாத்திரத்தில் கஞ்சி ஊற்றுவேன். அந்த வருஷம் கூலித் தகராறு முற்றியது. குறுவை நெல்லை என் மாமனார் வெளியூர் ஆட்களை வைத்து, போலீஸ் காவலோடு அறுத்தார். அஞ்சலையும் அவள் தெருக்காரர்களும் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

கார்த்திகையில் புயல். எங்கள் வீட்டு அடுப்பு, அரிசி எல்லாம் வெள்ளத்தில் போயின. விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் ஊருக்கே சோறு பொங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தூக்குவாளியோடு போனேன். பரிமாறிக்கொண்டிருந்தவள் அஞ்சலை.

"இதுல போட்டுக் குடு அஞ்சல, போயிடுறேன்."

"வீட்டுல பெரியவருக்கு இதுல தர்றேங்க. நீங்க உக்காந்து சாப்பிடுங்க."

பந்தியில் இருந்தவரிடம், "தோழரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவங்களுக்கு இடம் வேணும்ல" என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார். உட்கார்ந்தேன். கை அதுபாட்டுக்குச் சோற்றை எடுத்து வாயில் போட்டது. என்ன குழம்பு என்று நினைவில்லை. கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த நடவுக்கு அஞ்சலை வந்தாள். மதியம் அதே கொல்லைப்புறத்தில் பாத்திரத்தோடு நின்றாள். 'உள்ள வா, உக்காரு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினேன்.

"போதுங்கம்மா" என்றாள்.

இன்றும் சாப்பிட உட்காரும்போது, யாருக்கோ இடம் விடுவதுபோல் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறேன். அந்த இடத்தில் இதுவரை யாரையும் உட்காரச் சொன்னதில்லை.