மூன்று அம்மனும் லாரி வரிசையும்

பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயல் கொடியிடையம்மன். மூன்று பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் கேட்டது கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் மாமியார் அதோடு தன் சட்டம் இரண்டைச் சேர்த்திருந்தார். நடுவில் வீட்டுப் படி ஏறக் கூடாது. ஒன்பது பௌர்ணமி விடாமல் போக வேண்டும், ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. கேட்டது என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி ஏழு வருடம், வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை.

அம்மன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வடிவுடையம்மனைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பிடித்தவளையே மாதாமாதம் தண்டனை போலப் போய்ப் பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் சலிக்காது?

மாமியார் காசிமேட்டில் மீன் விற்பவர். பௌர்ணமியன்று மட்டும் கூடையைத் தொடமாட்டார். தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, விடிவதற்குள் வாசலில் நிற்பார். என் கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தோஸ்து ஒருவரின் ஆட்டோவை வாங்கிவந்து எங்களை ஏற்றிக்கொள்வார். பார்க்கிறவர்கள் இப்படி ஒரு பிள்ளையா என்று மெச்சுவார்கள். நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

குறை என்னிடம் இல்லை. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பக்குவமாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட நானே நேரம் பாத்து சொல்றேன். நீ வாயத் தொறக்கக் கூடாது." சரி என்றேன். ஆம்பிளை அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சரியில் மாட்டிக்கொண்டதுதான், அதன் பிறகு எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. எங்கள் மூன்று தெருவிலும் என்னைப் பற்றிப் பேசினார்கள். சீமந்தத்துக்குக் கூப்பிட்டவர்கள் கையில் சந்தனம் தடவாமல் ஓரமாக உட்காரவைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு நேரமும் வரவில்லை.

ஒன்பது பௌர்ணமியும் ஒரு தடவைகூட நிறைவேறவில்லை. மூன்று, நான்கு என்று ஏறும். ஒருமுறை ஏழு வரைக்கும் வந்தது. அப்புறம் எங்கேயாவது லாரி வரிசையில் மாட்டுவோம். திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தால் நடை சாத்தியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. "உன் ராசிடி" என்பார் மாமியார். "ஆத்தாவே உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன்றா."

கடைசியாக நாங்கள் கிளம்பியது, எட்டு தவறாமல் முடிந்து, ஒன்பதாவது பௌர்ணமி. மேலூரில் நல்ல தரிசனம். எலுமிச்சைப் பழம் கொடுத்தார்கள். மாமியார் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, அன்றைக்கு என்னிடம் சிரித்துக்கூடப் பேசினார். எர்ணாவூர் மேம்பாலத்துக்கு முன்னால் ஆட்டோ நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி கண்டெய்னர். வானம் ஒரு பட்டையாகத்தான் தெரிந்தது. டீசல் புகையும், ரோட்டுத் தூசியும், வெயிலும். உள்ளே உட்கார்ந்திருக்க முடியாமல் மாமியார் இறங்கி, முன்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்தார்.

அவர் தலை மறைந்ததும், பக்கத்து லாரியிலிருந்து டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மாமு, நீயே வந்து மாட்டிகினு கீற? காலைல நீதானே வாட்ஸப் குரூப்ல வாய்ஸ் போட்ட, எர்ணாவூர் பக்கம் வராதீங்கோ, சாயந்தரம் வரைக்கும் நகராதுன்னு."

என் கணவர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வேர்வை இறங்கியது. எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. எந்த நாளில் எந்த ரோடு அடைக்கும் என்று தொழிலாகவே தெரிந்தவர் இவர். மூன்றாவது மாதமும் நான்காவது மாதமும் ஏழாவது மாதமும் தெரிந்தேதான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஒன்பதும் முடிந்து ஒன்றும் நடக்கவில்லை என்றால், இவர் அம்மா அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பார். அங்கே குறை இவரிடம் என்று தெரிந்துவிடும். ஒன்பது முடியாத வரைக்கும் பழி என் ராசி மேல் இருக்கும். இதைவிட வசதியான இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நாளு. சொல்லிட்றேன்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மாமியார் எதிரே வந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணும் நகராதுடி. நம்ப தலையெழுத்து."

"நடந்து போலாம் அத்த. பாலம் எறங்குனா அந்தாண்ட ஆட்டோ கெடைக்கும். நடை சாத்தறதுக்குள்ள போய்ட்லாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். மீன் கூடை தூக்கிப் பழகிய நடை, என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டு லாரிக்கு நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. டயர்களிலிருந்து வீசிய அனல் காலில் அடித்தது. பாலத்தின் பாதியில் என் போன் அடித்தது. என் கணவர்தான்.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்? அம்மாகிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

"சொல்லல."

"சொல்லாத. எனக்கு வாக்கு குடுத்துருக்க."

கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. மாமியாரின் தோளைத் தொட்டு, "அத்த, உங்க புள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று போனை நீட்டினேன்.

"சொல்லுடா" என்றார் அவர். "இன்னாடா, சொல்லு." போனில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு லாரி உறுமி அடங்கியது.

"நடை சாத்திடுவாங்க அத்த" என்றேன்.

"இருடி. எம்புள்ள அழுதுகினு கீறான்."

அதன் பிறகு மகன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு கையால் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். திருவொற்றியூரில் அந்நேரம் நடை சாத்தியிருப்பார்கள். ஒருவழியாகப் போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக, என் வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

"உனுக்கு மொதல்லயே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அப்பறம் ஏன்டி இத்தினி நாளு எம் பின்னாலயே வந்துகினு இருந்த?"

"வேற எங்க போறது, அத்த" என்றேன்.