பெட்டி பேசக் கூடாது

பாப்பா, தம்பி, நேற்று வந்த பார்சலில் இருந்த செருப்பை ஓரமாகப் போட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த காற்றுக் குமிழி ஷீட்டை ரெண்டு பேரும் பட்பட்டென்று உடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பெட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அட்டையும் டேப் பசையும் கலந்த வாசனை. "இன்னா நைனா, பெட்டிய போய் மோந்து பாக்கற?" என்று பாப்பா கேட்டாள்.  பதிலை எழுதினால் கோர்வையாக வரும் என்று நினைத்தேன். எட்டாவது படித்தவனின் கோர்வை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், செஞ்சிக் கோட்டைக்குப் போகிற சாலையில் ஒரு சிலைக் கடையில் பேக்கிங் வேலை பார்த்தேன். எல்லாம் மாக்கல் சிலைகள். கோட்டை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்குவார்கள், ஆனால் தூக்கிப்போக மாட்டார்கள். விலாசம் கொடுத்துவிட்டுப் போவார்கள். உடையாமல் அங்கே போய்ச் சேருவது எங்கள் பாடு. மாக்கல் பெயரில்தான் கல். கை தவறி மோதினால் சாமியின் விரல் போய்விடும்.

ஆரம்பத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சிலையைச் சுற்றித் திணிக்க நம் பக்கத்தில் சும்மா கிடைப்பது எது? மல்லாட்டைத் தோல். உங்கள் புத்தகத்தில் வேர்க்கடலை என்று போட்டிருக்குமே, அதன் தோல்தான். சிங்கவரத்தில் மல்லாட்டை உடைக்கிற இடத்திலிருந்து ஒரு மூட்டை சைக்கிளில் கட்டி வந்து, ஒரு பிள்ளையாரை அதில் புதைத்துப் பிரான்சுக்கு அனுப்பினேன். வாங்கியவர் பாண்டிச்சேரியில் பிறந்து அந்த நாட்டில் குடியேறிய அம்மா. போன் பண்ணி, "பிள்ளையார் நல்லா வந்துட்டாரு. கூடவே நாலு மல்லாட்டையும் வந்துருக்குது. அடுத்த தபா வெல்லமும் வைங்க" என்றார். சிரித்தோம். அடுத்த பெட்டி அப்படியே திரும்பி வந்தபோது சிரிப்பு நின்றது. செடி கொடி சம்பந்தப்பட்ட எதுவும் நாட்டுக்குள் வரக் கூடாதாம். கடல் தாண்டி ஓர் அதிகாரி நம்ம ஊர் மல்லாட்டைத் தோலைப் பார்த்துப் பயந்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்குப் பிறகு ஸ்பாஞ்சுதான். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் எல்லாப் பக்கமும் நான்கு விரல் இடம், அதில் ஸ்பாஞ்சு. மூடியதும் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே சின்னதாகக் கடக் என்றாலும் "பெட்டி பேசுது" என்போம். பேசினால் பிரித்து முதலிலிருந்து கட்ட வேண்டும்.

உங்கள் அம்மா பாப்பாவை வயிற்றில் சுமந்திருந்த சமயம், அதே பிரான்ஸ் அம்மாவுக்கு அனுப்பிய சரஸ்வதி, வீணை ஒடிந்து போய்ச் சேர்ந்தது. அவர் அனுப்பிய படத்தில் பெட்டியின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வழியில் அதன்மேல் பெரிய பாரம் ஏதோ ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் விழுப்புரத்திலிருந்து வந்த கூரியர் ஏஜெண்ட், பேக்கிங் சரியில்லை, தப்பு என்னுடையது என்று டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட வேண்டும், அதோடு கடையை விட்டும் போக வேண்டும். இல்லையென்றால் இனி எங்கள் பெட்டி எதையும் எடுக்க மாட்டார்களாம்.

முதலாளிக்கு டென்ஷன். போட்டுவிடு, வேறு எங்காவது வேலை பார்த்துத் தருகிறேன் என்றார். போட மாட்டேன் என்றேன். "தபாரு, பெட்டியும் பேசக் கூடாது, கட்றவனும் பேசக் கூடாது" என்றார்.

"பெட்டி பேசலியே மொதலாளி. அதான் நான் பேசறேன்."

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தேன். உங்கள் அம்மாவிடம் ஆறு அப்பளம் பொரிக்கச் சொன்னேன். "வேல போவப் போவுதுன்றீங்க, அப்பளம் கேக்கறீங்க" என்று முறைத்துக்கொண்டேதான் பொரித்தாள். சுடச்சுடத் தூக்குவாளியில் எடுத்து வந்து, அவர்கள் கண்ணெதிரே, சரஸ்வதியைக் கட்டிய மாதிரியே கட்டினேன். மொட்டை மாடியிலிருந்து கீழே போடச் சொல்லி ஏஜெண்ட் கையிலேயே பெட்டியைக் கொடுத்தேன். மனுஷன் கையால் போடவில்லை, காலால் கீழே உதைத்துத் தள்ளினார். மூன்று தடவை.

பிரித்தேன். ஆறும் முழுசாக இருந்தன.

"நமத்துப்போன அப்பளம் எப்பிடிய்யா ஒடையும்?" என்றார் ஏஜெண்ட்.

ஒன்றை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்து நொறுக்கினேன். தூள் அவர் சட்டையெல்லாம் கொட்டியது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மீதியில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, "இன்னொரு சரஸ்வதி இருக்குது. நாளைக்குப் போவணும், கட்டு" என்றார். ஏஜெண்ட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கடை இன்றைக்கு இல்லை. அந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஸ்பாஞ்சுத் தூளில் எனக்கு இருமல்தான் மிச்சம். ஆனால் தப்பு என்னுடையது இல்லை என்று சொல்ல எதிரில் ஒரு முகம் இருந்தது. போன மாதம் நம் மிக்ஸி ஜாடி விரிசலோடு வந்ததே, யாரிடம் கேட்டோம்? போனில் ஒரு பட்டனை அமுக்கினோம், வருந்துகிறோம் என்று வந்தது. வருந்தியது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இன்னொன்று, உங்கள் அம்மாவுக்கே தெரியாதது. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்த இரண்டாவது சரஸ்வதியைக் கட்டினேன். வெளிப்பெட்டியை மூடுவதற்கு முன், உள்பெட்டியின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் இனிஷியலோடு என் முழுப் பெயரையும், கீழே செஞ்சி என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழியாமல் இருக்க அதன்மேல் இரண்டு வரிசை டேப் ஒட்டினேன்.