தேரி மணலுக்கு இரண்டு வேலி

யுத்த காலத்தில் தூத்துக்குடிக்குக் கப்பல் வருவது குறைந்தபோது, தோணியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடலோரமாகத் தெற்கே நடந்தேன். குலசேகரன்பட்டினம் வரைக்கும் பசித்தது. அதற்குப் பிறகு பழகிவிட்டது. பெரியதாழைக்கு வடக்கே ஓலைக்கூரை போட்ட பெட்டிக்கடைக்காரர் ஒருவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏலே, மம்பட்டி பிடிக்கத் தெரியுமால?"

"தெரியும் அண்ணாச்சி."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"அப்பம் மொதல்ல அள்ளு. தின்னுட்டா ஒறங்கிருவ."

அள்ள வேண்டியது மணல். கடைக்கு மேற்கே கண்ணுக்கு எட்டியவரை தேரிதான், செக்கச்செவேலென்று மணல்மேடு. மற்ற மாதங்களில் சாதுவாகப் படுத்திருக்கும். ஆனி பிறந்து மேல்காற்று எழும்பினால் எழுந்து கிழக்கே நடக்க ஆரம்பிக்கும். நான் போனபோது கடையின் பின்தட்டியில் பாதி உயரம் ஏறியிருந்தது.

அண்ணாச்சி பனையேறியாக இருந்தவர். மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்பு கோணிவிட்டது. இனி ஏற முடியாது என்றதும் சொந்தப் பனைகளை விற்று இந்தக் கடையைப் போட்டார். மேட்டு ஊர்களுக்கும் கடலுக்கும் இடையிலான மண்பாதை கடை வாசலை ஒட்டியே போயிற்று. மீன்கூடைக்காரிகள் போகும்போது வெற்றிலையும் திரும்பும்போது கருப்பட்டியும் வாங்குவார்கள். கடை மணலுக்குள் போனால் அவருக்குப் பிழைப்பு அத்தோடு முடிந்தது.

நான் அள்ளிக் கொட்டிய மணல், நான் நிமிர்வதற்குள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

"நீ அள்ளுதியா, வெளையாடுதியால?"

"நான் அள்ளுதேன் அண்ணாச்சி. காத்துதான் வெளையாடுது."

அவருக்கு ஒரு யோசனை வந்தது. கடைக்குப் பின்னால் பனைமட்டைகளை வரிசையாக நட்டு, ஓலை வைத்துக் கட்டி, நீளமாக ஒரு வேலி போடச் சொன்னார். போட்டேன். மணல் வேலியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி அன்று எனக்குக் கஞ்சியோடு துவையலும் வைத்தார். ஆனால் மணல் சும்மா நிற்கிற சாதி இல்லை. வேலியின் ஓரத்தைச் சுற்றி, பாதையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் இருந்த கருவாட்டுக் களத்தில் போய் இறங்கியது.

களம் கடற்கரை வேதக்காரப் பெண் ஒருத்தியுடையது. புருஷன் கடலுக்குப் போனால், கொண்டு வந்ததை உப்பிட்டுக் காயப்போடுவது அவள் வேலை. பாய் நிறைய நெத்திலி சிவந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தாள்.

"சேசுவே! ஏன் அண்ணாச்சி, ஒம்ம தேரிய எதுக்கு என் பாயில கொட்டுதீரு?"

"தேரி என்ன எங்க அப்பன் சொத்தா? காத்துக்கிட்டப் போயிக் கேளு ளா."

"காத்து நேராத்தான் வந்துச்சு. நீருதான் வேலியப் போட்டு இங்கன திருப்பி விட்டிருக்கீரு."

"அதனால என்ன? மணலு சேந்தா கருவாட்டுக்கு எடை கூடும்."

"ஒம்ம அரிசிக்குக் கூடுத மாதிரியா?"

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாத்தம் தாங்கல, தள்ளி நில்லு ளா" என்றார். அதோடு அவள் போனாள்.

மறுநாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். அவள் களத்துக்கும் பாதைக்கும் நடுவே அதே மாதிரி ஒரு வேலி வேண்டுமாம்.

"அந்த ஆளு வேலிய விட ஒரு சாண் ஒசரமாக் கட்டுல."

கட்டினேன். அதைப் பார்த்த அண்ணாச்சி தன் வேலியை இரண்டு சாண் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். அவள் அதற்கு மேலே கேட்டாள். அந்த ஆடி மாதம் முழுக்க எனக்கு மத்தியானம் அண்ணாச்சி கஞ்சி, சாயங்காலம் அவள் வீட்டு மீன்குழம்பு. தூத்துக்குடியில் மூட்டை தூக்கிய நாளில்கூட நான் அப்படித் தின்றதில்லை. இரண்டு பேருமே என்னிடம், "அங்கன என்னல சொல்லுதாவ?" என்று கேட்பார்கள். உள்ளதைக் கொஞ்சம் கூட்டியே சொல்வேன். வேலி இன்னும் ஒரு சாண் உயரும்.

காற்றுக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணாச்சி வேலியைச் சுற்றி வந்த மணலுக்கு எதிரே அவள் வேலி நின்றது. மணல் மேற்கொண்டு போக வழி இல்லாமல் நடுவில் இருந்த பாதையிலேயே விழுந்தது. முதலில் கணுக்கால் புதைந்தது, பிறகு முழங்கால். கடைசியில் கடை வாசலுக்கு முன்னால் ஒட்டகத்தின் முதுகு மாதிரி ஒரு மேடு எழும்பி, பாதையே காணாமல் போயிற்று. தலையில் கூடையோடு அதில் யார் ஏறுவார்கள்? மீன்காரிகள் களத்துக்குக் கிழக்கே சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். நடந்து நடந்து அதுவே பாதையாகிவிட்டது.

கடைக்கு மணல் வரவில்லை. ஆளும் வரவில்லை. வெற்றிலை வாடியது. அதை நானும் அண்ணாச்சியுமே போட்டுத் தீர்த்தோம். மேட்டை வெட்டிப் பார்த்தேன். காலையில் வெட்டியது சாயங்காலம் மூடிக்கொண்டது. அண்ணாச்சி ஒருநாள் அண்ணாந்து ஒரு பனையைப் பார்த்துவிட்டு, இடுப்பைத் தடவிக்கொண்டார்.

பிறகு ஓர் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டியை என் தலையில் ஏற்றிக் களத்துக்குக் கூட்டிப்போனார். வேலியோரம் நின்று, "ஏம்மா" என்றார். அவள் மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"தங்கச்சி" என்றார்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏலே, இவருக்கு இங்கன தங்கச்சி யாரும் உண்டுமா?"

"நேத்து வரைக்கும் இல்ல" என்றேன். அண்ணாச்சி என் காலை மிதித்தார்.

"கெழக்க, புதுப் பாதையோரம் ஒரு கடை போட எடம் வேணும் தங்கச்சி. ஒன் எடந்தான்."

"எடம் தாரேன். கருவாட்டு வாடைக்கு மூக்கப் பொத்தக் கூடாது."

"யாரு பொத்துனா? எனக்கு அது வாசமால்லா இருக்கு!"

"இன்னொண்ணு. என் வேலி விழுந்தா மணலு மொதல்ல என் களத்துக்கு வரும், அப்புறம் ஒம்ம கடைக்கு வரும். வருசா வருசம் வேலிய நீருதான் கட்டணும்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். கட்டப்போவது நான்தானே.

பழைய வேலியைப் பிரித்த ஓலையில் புதுக்கடைக்குக் கூரை போட்டோம். பழைய இடத்தைத் தேரி விழுங்கிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எழுப்பிய மேட்டில் முள்ளு முள்ளாக உடைமரங்கள் முளைத்தன. பின்னாளில் தார் ரோடு போட்டவர்களும் மேட்டைச் சுற்றித்தான் போட்டார்கள். பஸ் இங்கே ஏன் வளைகிறது என்று ஒருவர் கேட்டபோது, பூமி அப்படி அமைந்திருக்கிறது என்று கண்டக்டர் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் உடைமரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

கடை மாறிய வாரத்தில் ஓர் ஆட்டுக்காரன் அந்த வழியாக வந்தான். அவன் ஆடுகள் வேலி ஓலையில் வாய் வைத்தன. அண்ணாச்சி கோணல் இடுப்போடு கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஏலே! வேலியில ஆட்ட விடுதியே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஒமக்கு என்ன அண்ணாச்சி? அது கருவாட்டுக்காரி வேலில்லா?"

"யாரல கருவாட்டுக்காரிங்குத? என் தங்கச்சி வேலியாக்கும் அது!"

களத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "அண்ணாச்சி, அப்படியே அந்தத் தெக்கு ஓட்டையையும் அடைச்சிரும்!"