சம்பந்தி வீட்டு வானம்

பம்மலில் எங்கள் மொட்டைமாடியை உரசுவதுபோல் விமானங்கள் பறந்த காலம். மகளின் பிளஸ் டூ படிப்பு கெடுகிறதென்று தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தேன். ஓடுபாதையை விட்டுக் கிளம்பியதுமே விமானங்கள் தெற்கே திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவானது. அங்கே யார் தலைமேல் போகும் என்று நான் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட இதைப் பெருமையடித்தேன்.

மகளை எங்களுக்குத் தெற்கே இருக்கும் மேற்குத் தாம்பரத்தில் கொடுத்தோம். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். பேத்தி மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கினாள். தாம்பரத்தில் கொண்டுபோய் விட்ட அன்று, முதல் விமானத்துக்கே தூளியில் வீறிட்டு அலறினாள். மூச்சு திரும்பவே நேரமானது.

"நீங்க அனுப்பின சீரு தலைமேல போவுது பாருங்க சம்பந்தி" என்று சிரித்தார் மகளின் மாமியார்.

"கொஞ்ச நாள் எங்ககிட்டயே இருக்கட்டுமே" என்றேன்.

"எதுக்கு? உங்க வீட்டு அமைதி பழகித்தான் இப்படி அலறுது. இனிமே அங்க அனுப்புறதா இல்ல."

மகள் குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "கிளம்புங்கப்பா" என்றாள்.

பேத்திக்கு இப்போது நான்கு வயதாகிறது. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. சண்டை போட்டாவது அழைத்துவரலாம் என்று பலமுறை கிளம்பியிருக்கிறேன். ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.