பாதியில் நிறுத்திய படம்

அந்தப் படத்தில் ஒரு மணித்தியாலமும் நான்கு நிமிடமும் பார்த்திருந்தோம். லப்டொப் திரையின் ஓரத்தில் அந்த எண் பதினொரு நாட்கள் அப்படியே நின்றதால் எனக்கு அது மறக்காது.

பழைய ஆங்கிலப் படம். பாட்டும் ஆட்டமும் நிறைந்த பகிடிப் படம். வானொலி திருத்தும் ஒருவர் ஏணியில் இருந்து விழுந்து தலையில் அடிபடுகிறார். கண் விழித்தால் குதிரை, ஈட்டி, இரும்புச் சட்டை, ஒரு கோபக்கார ராசா. பல நூறு வருடங்கள் பின்னுக்குப் போய்விட்டார். ஆங்கிலம் பழகுவதற்கென்று அலுவலகத்தில் ஓர் அக்கா பென் ட்ரைவில் போட்டுத் தந்த படம் அது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் இடைக்கிடை கதையைச் சொன்னேன்.

இரும்புச் சட்டை போட்ட சிப்பாய்கள் வரிசையாக வந்தபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அன்னதானக் கிடாரம் நடந்து வாற மாதிரிக் கிடக்கு."

கதாநாயகனைச் சிறையில் போட்டார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று இன்றைக்கே ராசாவுக்குச் சொல்லி அவன் தப்பப் பார்க்கிறான். எல்லாம் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் படித்தவை.

"அவன் சரித்திரம் படிச்சபடியால் தப்பினான்," என்றார் அப்பா. "நீ படிச்சது கணக்கும் பௌதிகமும். உன்னைக் கொண்டுபோய் அங்கை விட்டால் வாய்க்கால்தான் வெட்டுவாய்."

"வெட்டினால் ராசாவும் தண்ணி முறைக்குச் சண்டைக்கு வருவார் அப்பா."

நான் நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அந்தச் சண்டைகள் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தவை. அன்றைக்கு மூன்று மணிக்கு அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் முறை. எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"நிப்பாட்டி வை. திறந்துபோட்டு ஓடி வாறன்."

முக்கால் மணித்தியாலம் கழித்து, பக்கத்து வயல்காரர் அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாய்க்கால் தண்ணீரைத் திறந்து மூடும் துருசின் பாசி பிடித்த சீமெந்துப் படியில் வழுக்கி, பின்தலை அடிபட விழுந்திருக்கிறார். காதுக்குப் பின்னால் இரத்தம் காய்ந்திருந்தது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிரஷர் குளிசை, துவாய், தண்ணீர்ப் போத்தல், போன் சார்ஜர். ஆறையும் இரண்டு தரம் சரிபார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் அப்பாவிடம் மூன்று கேள்விகள் கேட்டார். இது என்ன வருடம்? இது எந்த இடம்? பக்கத்தில் நிற்கிறது யார்? மூன்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. ஆனாலும் அப்பா இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தார். வவுனியாவுக்கு அனுப்பித் தலையை ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார் டொக்டர்.

"வழியில இதே மூண்டையும் கேட்டுக்கொண்டு போங்கோ. பதிலில மாற்றம் தெரிஞ்சால் மிஸ்ஸியிட்டைச் சொல்லுங்கோ."

அம்புலன்ஸில் தாதி மிஸ்ஸியைத் தவிர வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் இடம். பஸ்ஸில் வருவதாகச் சொன்ன அம்மா கதவு மூடும்வரை அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கொப்பியில் ஒரு அட்டவணை கீறினேன். நேரம், வருடம், இடம், ஆள். நான்கு நிரல்கள். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்கு மூச்சு வந்தது.

ஒட்டுசுட்டானில் கேட்டபோது மூன்றும் சரி.

நெடுங்கேணியில் அப்பா வருடத்தைப் பிழையாகச் சொன்னார். ஒன்றிரண்டு வருடப் பிழை அல்ல. யுத்தத்தில் நாங்கள் பையும் பானையுமாக இடம் இடமாக ஓடிய வருடத்தைச் சொன்னார். நித்திரைக் கலக்கமாக இருக்கும் என்று மறுபடி கேட்டேன். அதே வருடம்.

"இல்லை அப்பா, அது எப்பவோ முடிஞ்சுது," என்று திருத்தினேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

மிஸ்ஸி சிறிய டோர்ச்சால் அவரின் கண்மணிகளைப் பார்த்து, "ரெண்டும் ஒரே அளவாத்தான் இருக்கு. கதைச்சுக்கொண்டு வாங்கோ, உறங்க விடாதேங்கோ," என்றார்.

புளியங்குளத்தில் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். "நான் ஆர்?"

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பேனையைப் பார்த்தார். பிறகு படுத்தபடியே தோளை ஒடுக்கி, சாரத்தை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, மரியாதையாகச் சொன்னார்.

"தங்கச்சி, நீங்கள் பதியிற ஆள்."

பிறந்த நாள் முதல் அப்பா என்னை நீங்கள் என்று சொன்னதில்லை. கேட்காமலே தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். ஒரே வேகத்தில், ஏற்றஇறக்கம் இல்லாமல்.

"நான் கமக்காரன். எந்த இயக்கத்திலையும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கோ."

அப்போதுதான் விளங்கியது. பாதி வழி நெடுக ஒருத்தி அவருக்கு முன்னால் கொப்பியும் பேனையுமாக இருந்து, ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பதிலை எழுதி, பிழை என்கிறாள். அந்த வருடத்தில் சோதனைச் சாவடிகளில் எங்களிடம் அப்படிக் கேட்டவர்களைக் கண்டு அப்பா நடுங்கியது எனக்குத் தெரியும். அவரை அங்கே தள்ளியது விழுந்த அடி. அங்கேயே இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது என் அட்டவணை.

கொப்பியை மூடிக் காலடியில் வைத்தேன். பேனையை மிஸ்ஸியிடம் கொடுத்தேன்.

யன்னலுக்கு வெளியே ஏ-ஒன்பது வீதி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தலையைத் தூக்கப் பார்த்தார். "ஓமந்தை வந்திட்டுதோ?"

"கிட்ட வந்திட்டம்."

"என்ரை பிள்ளையைக் காணேல்லை." குரல் உடைந்தது. "எட்டு வயசு. சிவப்புச் சட்டை. தாய் முந்தின பஸ்ஸில போயிட்டா. என்ரை கையிலதான் இருந்தவா. நான் விட்டிட்டன். எப்பிடி விட்டனோ தெரியேல்லை. தங்கச்சி, ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லுவீங்களோ?"

அது நடந்த கதை. ஓமந்தைச் சாவடியில் வரிசைகள் பிரிந்த இடத்தில் நான் அப்பாவின் கையில் இருந்து போனேன். பின்னேரம்தான் கிடைத்தேன். அதற்குப் பிறகு, நான் வேலைக்குப் போன பின்னும்கூட, சந்தையிலோ கோயிலிலோ கூட்டத்தைக் கண்டால் அப்பா என் மணிக்கட்டைத்தான் பிடிப்பார். விரல்களைப் பிடிப்பதில்லை.

இப்போது நான் என்ன சொல்வது? நான்தான் உங்கள் பிள்ளை என்றால் அவர் இன்னும் பயப்படுவார். அவர் தேடுவது எட்டு வயதுக் குழந்தையை. இப்போது இருபத்து மூன்று வயதான நான் அவருடைய அந்த வருடத்தில் இல்லை. திரும்பி வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கவும் வழி தெரியவில்லை. ஆனால் அந்தப் பின்னேரம் எப்படி முடியும் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் படித்த ஒரே சரித்திரம் அது.

"விசாரிச்சிட்டன் ஐயா," என்றேன். "பிள்ளை பத்திரமா இருக்கிறா. தகரக் கொட்டிலுக்குக் கீழே, நீல வாளி வச்சிருக்கிற ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில. அழேல்லை."

"சிவப்புச் சட்டையோ?"

"சிவப்புச் சட்டை. ஒரு பொத்தான் இல்லை. ஊசி குத்தியிருக்கு."

அப்பா கண்ணை மூடினார். "ஓம். ஊசி நான்தான் குத்திவிட்டனான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் யாருக்கும் சொல்லாத ஒன்று வாய்வரை வந்துவிட்டது.

"கையை நீங்கள் விடேல்லை ஐயா. அவாதான் விட்டவா. அங்காலை ஆரோ பிஸ்கட் குடுத்தவை. அதைக் கண்டிட்டுக் கையை உருவிக்கொண்டு ஓடினவா."

அம்புலன்ஸ் ஓமந்தையைக் கடந்தது. அப்பாவின் விரல்கள் தேடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தன. யாரென்று நினைத்துப் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு அந்தப் பிடி தளர்ந்து அவர் உறங்கத் தொடங்கினார். "உறங்க விடாதேங்கோ!" என்று மிஸ்ஸி அவரின் நெஞ்சில் தட்டினார். நான் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்பா என்றா ஐயா என்றா கூப்பிட்டேன் என்பது இப்போது நினைவில் இல்லை.

ஸ்கானில் சிறிய இரத்தக் கசிவு. வெட்டத் தேவையில்லை, பார்த்துக்கொண்டிருப்போம் என்றார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அப்பா கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"பிள்ளை, துருசை ஆரேன் பூட்டினவையோ? வயல் வெள்ளமாப் போயிருக்கும்."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

விழுந்த நாள் அவருக்கு நினைவு வராது, அதைப் பற்றிக் கேட்டுக் களைக்கப்பண்ண வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்ட பின் அப்பாவே கதிரையை இழுத்துப் போட்டார்.

"அவன் மறியலுக்குள்ள கிடக்கிறான். போடு பாப்பம்."

படம் சிறைக் காட்சியில் நின்றது என்பது அவருக்கு நினைவிருந்தது. கதாநாயகன் தப்பினான், பாடினான், ராசாவையும் ஆட வைத்தான். அப்பா சிரிக்கும் ஒவ்வொரு முறையும் நான் திரையை விட்டு அவரைப் பார்த்தேன். கடைசியில் அவன் தன் கடையில், ஏணிக்கடியில் கண் விழித்தான். சுற்றி நின்ற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அந்த இடத்தில் அப்பா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அண்டைக்கு உனக்குப் பிஸ்கட் கிடைச்சதோ?"

நான் படத்தை நிறுத்தினேன்.

"ரெண்டு கிடைச்சது. ஒண்டு உங்களுக்கெண்டு கைக்குள்ள வச்சிருந்தனான். நீங்கள் வரேக்குள்ள நொறுங்கிப் போச்சு."

"தெரியும்," என்றார் அப்பா. "உன்னைக் கண்டுபிடிச்ச உடனை உன்ரை கையைத் தட்டிவிட்டது நான்தானே."